ஹீப்ரூ 'ஷின்': ஒரு ப, நடுவுல ஒரு கோடு

ஹீப்ரூ படிக்க உக்காந்தா எல்லாரும் முதல் எழுத்தான ஆலெஃப்ல ஆரம்பிச்சு முட்டிக்கிறாங்க, அதுக்குன்னு தனியா ஒரு சத்தமே கிடையாது, அதனால நான் சொல்றது 22 எழுத்துல 21-வதா வர்ற ஷின்ல இருந்து ஆரம்பிங்க. தமிழ் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு இது பாதி எழுதி வெச்ச மாதிரி.

முதல்ல ஒரு ப போடுங்க. இப்போ நடுவுல மேல இருந்து ஒரு கோட்டை சாய்வா இறக்கி, ப-வோட இடது பக்க அடியில கொண்டு போய் சேருங்க. அவ்ளோதான் ஷின். மூணு கொம்பும் ஒரே உயரத்துல இருந்தா அழகு. அடுத்த எழுத்தை இதுக்கு இடது பக்கத்துல எழுதணும், கை பழக்கத்துல வலது பக்கமே ஓடும், எனக்கு அது நிக்கவே ஒரு வாரம் ஆச்சு.

இனிமேதான் விஷயமே, புள்ளி. நம்ம எழுத்துல புள்ளி வெச்சா அது மெய்யாயிடும், இங்க அப்படி இல்ல, சத்தமே மாறிடும். வலது கொம்பு மேல புள்ளி இருந்தா ஷ, ஷாலோம் (சமாதானம்), ஷப்பாத் (ஓய்வு நாள்) எல்லாம் இதுதான் (அழுத்தம் கடைசியில, ஷா'லோம்'னு). இடது கொம்பு மேல இருந்தா ஸ, பேரும் ஸின்னு ஆயிடும், யிஸ்ராயேல்ல (நாம சொல்ற இஸ்ரேல்) வர்றது இது.

ரெண்டையும் குழப்பிக்காதீங்க. பைபிள்ல நியாயாதிபதிகள் 12-ல, யோர்தான் ஆத்துத் துறையில கீலேயாத்காரங்க, சண்டையில தோத்து ஓடற எப்பிராயீம் கோத்திரத்து ஆளுங்களைக் கண்டுபிடிக்க வழிமறிச்சு ஒவ்வொருத்தரையும் 'ஷிபோலேத்' சொல்லச் சொல்வாங்க, எப்பிராயீம் ஆளுங்களுக்கு 'சிபோலேத்'னுதான் வாயில வரும், உடனே வெட்டு, மொத்தம் 42,000 பேர் செத்தாங்கன்னு இருக்கு. 'விஷயம்'ங்கறதை 'விசயம்'னு சொல்ற நம்ம பாதிப் பேரு அங்க மாட்டியிருப்போம்!

பழக 'ஷெமெஷ்'னு சத்தமா சொல்லுங்க, சூரியன்னு அர்த்தம், முதல்லயும் கடைசியிலயும் ஷின்தான்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், இஸ்ரேல்ல பேப்பர், கடை போர்டு எதுலயும் இந்தப் புள்ளியைப் பெரும்பாலும் போட மாட்டாங்க, வார்த்தையைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுதான் ஷ-வா ஸ-வான்னு படிக்கணும். கையெழுத்துல வேற இந்த ப வடிவமே காணாமப் போய் இங்கிலீஷ் சின்ன 'e' மாதிரி ஒரு சுழியா இருக்கும், அதைப் பாத்து வேற எழுத்துன்னு பயந்துடாதீங்க.