விடுப்புப் பார்க்க வரும் அயலவரை விட்டுவிடாதீர்கள்: புது முகவருக்கு ஓப்பன் ஹவுஸ் செய்முறை

ரொறன்ரோவில் வீடு விற்பனை முகவராகி முதல் ஓப்பன் ஹவுஸுக்கு (விற்பனைக்குள்ள வீட்டை யாரும் வந்து பார்க்கத் திறந்துவைக்கும் நாள்) நிற்கும் எல்லோருக்கும் ஒரு சலிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தால், வீடு வாங்குகிறவர்களுக்கு முன்னால் அதே தெருக்காரர்தான் வந்து நிற்பார்கள். குசினியைப் பார்ப்பார்கள், பேஸ்மென்றுக்கு இறங்குவார்கள், விலையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் விடுப்புப் பார்க்கிறது. முதல் வருடம் இவர்களைக் கண்டால் நான் கைபேசியை நோண்டத் தொடங்கிவிடுவேன். இப்போது இவர்களுக்காகவே ஒரு மணித்தியாலம் முந்திக் கதவைத் திறக்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

படி 1: வியாழக்கிழமையே கதவைத் தட்டுங்கள்

இடப்பக்கம் பத்து வீடு, வலப்பக்கம் பத்து, எதிரே இருபது. இது பழைய முகவர்கள் சொல்லித்தரும் கணக்கு. விற்பனைக்காரர் வேண்டாம் என்று கதவில் ஒட்டியிருந்தால் தட்டாமல் போய்விடுங்கள். மற்ற இடங்களில் இவ்வளவு போதும்: "ஞாயிறு இரண்டு மணிக்கு எல்லாருக்கும் திறக்கிறம். அயலவைக்கு மட்டும் ஒரு மணிக்கே திறந்திருக்கும், வந்து ஆறுதலாப் பாருங்கோ." கூட்டம் இல்லாத அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் மனிதர்கள் வாய் திறந்து கதைப்பார்கள்.

படி 2: தெருவின் விலைகளைப் படியுங்கள்

கடந்த ஆறு மாதத்தில் அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகள் எல்லாம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். விற்ற விலையைப் பகிரங்கமாகக் காட்டுவது தொடர்பான வழக்கில், ரொறன்ரோ ரியல் எஸ்டேட் சபையின் மேன்முறையீட்டை எடுத்துக்கொள்ளக் கனடா உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் மறுத்துவிட்டது. அதன் பிறகு இணையத்தில் ஒரு கணக்குத் திறந்தால் யாரும் விலையைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். மூலை வீடு எவ்வளவுக்குப் போனது என்று உங்களைக் கேட்பது, உங்களுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான்.

படி 3: ஆளை அடையாளம் காணுங்கள்

வெளியே கார் நிற்காது. ஜனவரிக் குளிரிலும் ஜாக்கெற்றைப் பூட்டாமல், சப்பாத்துக்குப் பதில் செருப்போடு வருவார். "சும்மா பார்க்க வந்தனான்" என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொல்வார். அந்த வெட்கத்தைப் போக்குவதுதான் உங்கள் முதல் வேலை. "நல்லதண்ணா, இந்தத் தெருவைப் பற்றி உங்களிட்டத்தான் கேக்க வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். பாடசாலை பஸ் எங்கே நிற்கும், பனி அள்ளும் வண்டி எப்போது வரும், பின்வேலி யாருடையது என்பதெல்லாம் விளம்பரத் தாளில் இருக்காது. மறக்காமல் இன்னொன்றையும் கேளுங்கள்: "இந்தப் பக்கம் வர விரும்பிற சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?" மச்சான் பக்கத்திலேயே வீடு எடுக்க வேண்டும் என்று நினைக்காத தமிழ்க் குடும்பம் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் குறைவு.

படி 4: சொல்வதைக் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்காபரோவில் ஒரு பழைய பங்களா, இங்கே ஒரு தட்டு வீட்டுக்குத்தான் அந்தப் பெயர். எதிர்வீட்டு அம்மா ஒருவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து பேஸ்மென்றுக்கு இறங்கினார். புதுப் பெயின்ற், புது விளக்கு எதையும் அவர் பார்க்கவில்லை. குனிந்து, சுவரடியில் அடித்திருந்த பலகையைத் தடவினார். "இது புதுசு என்ன தம்பி?" என்றார். பிறகுதான் கதை வந்தது. 2024 ஜூலை 16 மழை, விமான நிலையத்தில் கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர் பெய்ததே, அன்றைக்கு அந்த வரிசையில் நாலு வீட்டுக்குள் தண்ணீர் வந்ததாம். "இஞ்சயும் கார்ப்பெற்றைத் தூக்கி வெளியில போட்டவை."

விற்பவர் என்னிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை. கேட்டுவிட்டுக் கேட்காதது போல நடிக்க எங்கள் தொழிலில் இடமில்லை. அன்று பின்னேரமே அவரைக் கேட்டேன். முதலில் முகம் சுருங்கியது. பிறகு ஒரு கடித உறைக்குள்ளிருந்து, பேஸ்மென்றில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்பும் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் போட்ட பற்றுச்சீட்டுகளை எடுத்துத் தந்தார். எங்கள் நிறுவனத்தின் பொறுப்பு புரோக்கரோடு கதைத்து, தண்ணீர் வந்ததையும் திருத்தியதையும் எழுத்தில் வாங்குபவர்களுக்குக் கொடுத்தோம். அந்த அம்மா வராமல் இருந்திருந்தால், வீடு கைமாறிய பிறகு அதே கதையை அவர் வாங்கியவரிடம் சொல்லியிருப்பார். எனக்கு வக்கீல் கடிதம் வந்திருக்கும்.

படி 5: வாயைக் காக்க வேண்டிய இடங்கள்

ஏன் விற்கிறார்கள், எவ்வளவுக்கு இறங்குவார்கள் என்ற கேள்விகள் கட்டாயம் வரும். விவாகரத்தோ கடனோ, நீங்கள் சொன்னால் மாலைக்குள் தெரு முழுக்கப் போய்விடும். "என்ன ஆக்கள் வாங்க வருகினம்?" என்று கேட்டால், எந்த இனம், எந்த நாடு என்ற பேச்சுக்குள் போகாதீர்கள். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் இருக்கிறது. வீட்டுக் கூரையைப் பற்றிக் கதையை மாற்றுங்கள்.

"எங்கட வீடு எவ்வளவு போகும்?" என்பதுதான் நீங்கள் காத்திருந்த கேள்வி. அங்கேயே ஒரு தொகையைச் சொல்லி அவசரப்படாதீர்கள். வேறு முகவரோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வந்து பார்க்க நாள் குறியுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, சேவை தொடங்கும் முன் ரீக்கோவின் (ஒன்ராறியோவில் வீடு விற்பனை முகவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) தகவல் கையேட்டைக் கொடுத்து விளக்க வேண்டும். ஆகவே பையில் இரண்டு பிரதி வைத்திருங்கள்.

படி 6: பெயர் எழுதும் தாள்

மின்னஞ்சல் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், செய்தி அனுப்பச் சம்மதமா என்று ஒரு பெட்டி போடுங்கள். 2014 ஜூலையிலிருந்து கனடாவில் சம்மதமில்லாத வணிக மின்னஞ்சலுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. விடுப்புப் பார்க்க வந்தவரை வாடிக்கையாளர் என்று நீங்களாக முடிவு செய்ய முடியாது.

படி 7: விற்ற பிறகு

மறுநாளே நன்றி சொல்லி ஒரு வரி எழுதுங்கள். வீடு விற்றதும் அயலவர் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவுக்குப் போனது?" வாங்கியவர், விற்றவர் இருவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விலையை விளம்பர அட்டையில் அடிக்க முடியாது. சம்மதம் கிடைத்தால் அட்டையை அடித்து, முன்பு தட்டிய அதே நாற்பது கதவுகளையும் திரும்பத் தட்டுங்கள். கிடைக்காவிட்டால் விலையில்லாத அட்டையோடு போங்கள். எதிர்வீட்டு அம்மா மாதிரி ஆட்கள் எப்படியும் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார்கள்.