புத்தகத்தின் கணினியும் மேசைமேல் இருக்கும் கணினியும்: இயங்குதள வழிகாட்டி நூல்களைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகாமல் நிற்கும் அந்த 61 நாள்களில், நான் மாலை நேரங்களில் கணினி சொல்லிக்கொடுக்கும் அறையில் உட்கார இடம் இருக்காது. விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளும் கடலுக்குப் போகாத இளைஞர்களும் ஆளுக்கொரு வழிகாட்டி நூலோடு வருவார்கள். ஒன்று அண்ணன் கல்லூரியில் படித்ததாக இருக்கும்; ஒன்று ராமநாதபுரத்தில் பழைய விலைக்கு வாங்கியதாக இருக்கும்; ஒன்று கைப்பேசியில் பிடிஎஃப் வடிவில் இருக்கும். நூல் நன்றாகவே எழுதப்பட்டிருக்கும், படிப்பவரும் கூர்மையானவராகவே இருப்பார், ஆனாலும் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டுவதற்குள் சிக்கிக்கொள்வார். நூலாசிரியர் உட்கார்ந்து எழுதிய கணினியும் தம் முன்னே இருக்கும் கணினியும் ஒன்றே என்று எண்ணிக்கொள்வதால்தான் இச்சிக்கல்களில் பெரும்பாலானவை வருகின்றன என்பது என் கணிப்பு.

எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்ட நூல் என்பதைப் பார்க்காமல் நேரே பாடத்துக்குள் போவது இத்தவறுகளில் எல்லாம் பொதுவானது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. ஆனால் அவற்றைப் பற்றிய நூல்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. விண்டோஸ் 7 நூலில் கண்ட்ரோல் பேனலில் இருப்பதாகப் படம் போட்டுக் காட்டப்படும் பல அமைப்புகள் விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் என்னும் வேறு இடத்துக்குப் போய்விட்டன. விண்டோஸ் போன்றே இன்னோர் இயங்குதளமான லினக்ஸின் ஒரு வகை உபுண்டு; அதில் பதிப்பு எண்ணே தேதியைச் சொல்லிவிடும்: 22.04 என்றால் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியானது. 17.10 வெளியானபோது அதன் திரைத்தோற்றம் யூனிட்டியிலிருந்து க்னோமுக்கு மாறியதால், அதற்கு முந்தைய நூல்களின் படங்களை வைத்துக்கொண்டு இன்றைய திரையில் பொத்தான்களைத் தேடுவது வீண் அலைச்சல். பழைய லினக்ஸ் நூலைப் பார்த்து, கணினியின் பிணைய முகவரியைக் காட்டும் 'ஐஎஃப்கான்ஃபிக்' கட்டளையைத் தட்டிவிட்டு, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்ததும், கணினி பழுதென்று முடிவுகட்டியவர்கள் எங்கள் அறையில் உண்டு. புதிய உபுண்டுவில் அக்கட்டளை தொடக்கத்திலேயே நிறுவப்பட்டு வருவதில்லை. அந்த வேலையை 'ஐபி' என்னும் கட்டளை செய்கிறது.

இதனால் பழைய நூல்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். படங்களும் மெனுக்களும் சீக்கிரம் காலாவதியாகும்; ஃபோல்டர் அமைப்பு, கோப்புகளுக்கான அனுமதிகள், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் குழாய்போல் செலுத்துவது முதலியவை பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. எந்த அத்தியாயம் எந்த வகை என்று பிரித்தறியத் தெரிந்தால், முப்பது ரூபாய்க்கு வாங்கிய நூலும் விலை பெறும்.

நிரல் எழுதக் கற்பிக்கும் நூல்களில் இந்தப் பதிப்புச் சிக்கல் இன்னும் நுட்பமானது, ஏனென்றால் அங்கே பிழைச்செய்தி எதுவும் வராமலேயே விடை மாறிப்போகும். தொண்டிப் பக்கத்து மாணவர் ஒருவர் டர்போ சியை வைத்து, ஏலத்தில் போன மீனின் தொகையைக் கூட்டும் நிரல் எழுதியிருந்தார். நாற்பதாயிரம் ரூபாய் வரவேண்டிய இடத்தில் திரையில் -25536 என்று வந்தது. டர்போ சி, பழைய டாஸ் இயங்குதளக் காலத்துக் கம்பைலர், அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்; அதில் 'இன்ட்' என்னும் முழு எண் வகைக்கு இரண்டு பைட் இடம்தான் உண்டு, அதில் 32767க்கு மேல் கொள்ளாது. அதைத் தாண்டிய எண் சுற்றிவந்து எதிர்மறையாகிவிடும். 40000இலிருந்து 65536ஐக் கழித்துப் பார்த்தால் அந்த விடை கிடைக்கும். இன்றைய கம்பைலர்கள் பொதுவாக அதே 'இன்ட்'டுக்கு நான்கு பைட் ஒதுக்குவதால், அதே நிரல் அங்கே சரியான தொகையைக் காட்டும். அதனால், இரண்டு பைட் என்று மனப்பாடம் செய்து எழுதிய விடை ஒரு கணினியில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் இருப்பதைக் கண்டு மாணவர்கள் குழம்புகிறார்கள். 16 பிட் கம்பைலரான டர்போ சி 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. பழைய டாஸ் கணினியைப்போல் நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றின் உள்ளே வைத்துத்தான் ஓட்ட முடியும் என்பதை அந்நூல்கள் சொல்வதில்லை. அவை எழுதப்பட்ட காலத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்து வருவது அச்சை அப்படியே தட்டுவது. சிறிய விஷயம்போலத் தோன்றினாலும் மாணவர்களின் நேரத்தை இதுதான் மிகுதியாகத் தின்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் நூல்களில் கட்டளைக்கு முன்னால் $ என்ற குறி அச்சாகியிருக்கும். கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினல் தானே காட்டும் அடையாளம் அது. நாம் தட்ட வேண்டியது அதற்குப் பின்னால் வருவது மட்டுமே. $ குறியையும் சேர்த்துத் தட்டினால் அப்படியொரு கட்டளை இல்லை என்றாவது பதில் வரும். நிர்வாகி அதிகாரத்தில் ஓட்ட வேண்டிய கட்டளைகளுக்கு முன்னால் # அச்சாகியிருக்கும். அதையும் சேர்த்துத் தட்டினால் அந்த வரி முழுவதையும் குறிப்புரை என்று கருதிக் கணினி சும்மா இருந்துவிடும். பிழை எதுவும் வராததால், வேலை முடிந்தது என்று நம்பி மாணவர் அடுத்த படிக்குப் போவார். நான்கு படி கழித்து எங்கோ இடிக்கும்போது, முதல் படியே நடக்கவில்லை என்பது யாருக்கும் தோன்றாது.

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுபவர்களுக்கு வேறு தொல்லை காத்திருக்கிறது. அச்சுக்கோப்பில் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாகவும், சிறு கோடு நீண்ட கோடாகவும் மாறியிருக்கும். “மீன் கணக்கு” என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கும் கட்டளையை வளைந்த குறிகளோடு ஒட்டிப் பாருங்கள். கணினி அவற்றை மேற்கோள் குறிகளாக எடுத்துக்கொள்ளாமல் பெயரின் எழுத்துகளாகவே எடுத்துக்கொண்டு, ஒன்றின் தலையிலும் மற்றொன்றின் வாலிலும் குறி தொங்க, “மீன் என ஒன்றும் கணக்கு” என ஒன்றுமாக இரண்டு ஃபோல்டர்களை உருவாக்கிவிடும். நீளமான கட்டளை பக்கத்தின் விளிம்பில் முறிந்து அடுத்த வரிக்குப் போகும் இடமும் அப்படிப்பட்டதே. கோப்புப் பாதையின் நடுவில் வரி முறிந்திருந்தால் வாசகர் அங்கே ஓர் இடைவெளி விடுவார். கோப்பை அழிக்கும் கட்டளையாக இருந்தால், அந்த ஓர் இடைவெளி ஒரு பாதையை இரண்டாக்கி, அழியக் கூடாத ஃபோல்டரையும் சேர்த்து அழித்துவிடும். பைத்தான் நூல்களில் நிரல் பக்கம் திரும்பும் இடத்தில், புதுப் பக்கத்தின் முதல் வரி எத்தனை இடைவெளி தள்ளித் தொடங்குகிறது என்பதைப் பழைய பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே தட்ட வேண்டும், ஏனெனில் அம்மொழியில் அந்த இடைவெளியே இலக்கணம்.

நூலில் உள்ள பெயர்களையும் எண்களையும் தம் கணினிக்கு ஏற்ப மாற்றாமல் விடுவதன் விலையை நானே கொடுத்திருக்கிறேன். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றும் முறையைச் சொன்ன ஒரு நூலில், பென்டிரைவின் பெயர் 'எஸ்டிபி' என்று இருந்தது. லினக்ஸ் பொதுவாகச் சேமிப்பகங்களுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று வரிசையாகப் பெயர் வைக்கும். ஆசிரியரின் கணினியில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்திருக்கும். அதனால் பென்டிரைவுக்கு இரண்டாம் பெயர் கிடைத்திருக்கும். என் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. நான் 'எஸ்டிபி' என்று தட்டி எழுதிய கட்டளை, குடும்பத் திருமணப் படங்கள் இருந்த இரண்டாம் டிஸ்கின் மேலேயே லினக்ஸை எழுதிவிட்டது. 'எல்எஸ்பிஎல்கே' என்ற ஒரு கட்டளையைத் தட்டி, எந்தச் சேமிப்பகம் எத்தனை ஜிபி என்று பார்த்திருந்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும். சேமிப்பகத்தின் பெயர், பயனர் பெயர், ஐபி முகவரி ஆகிய மூன்றும் நூலில் எங்கே வந்தாலும், அவை ஆசிரியருடையவை என்று பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொள்வது நல்லது.

தமிழில் தரவு வைத்து நிரல் எழுதுவோருக்கென்றே ஒரு பொறி உண்டு. சூடை, காரல், சீலா என்று மீன் பெயர்களைத் தமிழில் கோப்பில் எழுதும் பைத்தான் நிரல், லினக்ஸில் எழுதப்பட்ட நூலில் தடையின்றி ஓடுவதாகக் காட்டப்படும். விண்டோஸ் கணினியில் அதே நிரல் 'சார்மேப்' என்று தொடங்கும் பிழையோடு நின்றுவிடக்கூடும். கோப்பைத் திறக்கும்போது எழுத்துக்குறிமுறையை, அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையைச் சொல்லாவிட்டால், விண்டோஸில் பைத்தானின் பல பதிப்புகள் ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறிமுறையை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடம் கிடையாது. 'யுடிஎஃப்-8' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. இந்த ஒரு பிழையைப் பார்த்துவிட்டு, கணினியில் தமிழ் சரிப்படாது என்று ஆங்கில எழுத்தில் மீன் பெயர் தட்டத் தொடங்கியவர்களைக் கண்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

தமிழில் வரும் வழிகாட்டிகளைப் பற்றி எனக்கொரு குறையும் உண்டு. திரையில் இருக்கும் பெயரைச் சொல்லாமல் கலைச்சொல்லை மட்டும் எழுதிவிட்டால், ‘பணிப்பட்டையைச் சொடுக்குக’ என்று படிப்பவர் ஆங்கிலத் திரையில் எதைச் சொடுக்குவார்? வாசகர் செய்யக்கூடியது, முதல் முறை ஒரு சொல்லுக்குரிய பொத்தானைக் கண்டுபிடித்ததும் நூலின் கடைசித் தாளில் இரண்டையும் எதிரெதிரே எழுதி வைப்பது. கீழக்கரையில் வளைகுடாவிலிருந்து வந்த மடிக்கணினிகளில் விசைமேல் அரபு எழுத்தும் இருக்கும். ஆல்ட்டும் ஷிப்ட்டும் தெரியாமல் சேர்ந்து அழுந்தி மொழி மாறிவிட்டால், அதற்கு நூலைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிழைச்செய்தியைப் படிக்காமல் மூடிவிடுவதும், கணினிக்குள்ளேயே இருக்கும் கையேட்டைத் திறக்காமல் இருப்பதும் ஒன்றோடொன்று சேர்ந்தே வரும் பழக்கங்கள். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதன் நூலைப் பார்த்து 'பிரிண்ட்' கட்டளையை அடைப்புக்குறி இல்லாமல் பைத்தான் 3இல் எழுதினால், அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது என்று செய்தியே சொல்லிவிடுகிறது. லினக்ஸில் 'மேன்' கட்டளை தரும் கையேட்டுப் பக்கங்கள் எண்ணிட்ட பிரிவுகளாக இருக்கும். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின், 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் கையேட்டிலேயே தொடங்கிய வழக்கம் அது. 'மேன் பிரிண்ட்எஃப்' என்று தட்டினால் டெர்மினல் கட்டளைக்கான முதல் பிரிவுப் பக்கம் வரும். சி மொழியின் செயற்கூறு வேண்டுமென்றால் நடுவில் 3 என்ற எண்ணைச் சேர்த்துத் தட்ட வேண்டும். நூலில் 'பிரிண்ட்எஃப்(3)' என்று அடைப்புக்குறிக்குள் எண் வருவதைப் பக்க எண் என்றோ அடிக்குறிப்பு என்றோ எண்ணித் தேடுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

எங்கள் அறையில் கைமாறிக்கொண்டிருக்கும் ஒரு லினக்ஸ் நூலின் ஓரங்களில் இப்போது நான்கைந்து பேரின் கையெழுத்து இருக்கிறது. ஒரு கட்டளை ஓடியதும், எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில் என்று அதன் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. 112ஆம் பக்கத்தில் யாரோ ‘24.04இல் இது வேறு, ஐபி என்று தட்டு’ என்று பச்சை மையில் எழுதியிருக்கிறார்கள்.