ஹோண்டா பி-சீரிஸ் கியர் பாக்ஸ்: ஷிம்மை அளக்காமல் மூடாதீர்கள்

ஹோண்டாவின் பி-சீரிஸ் எஞ்சின் போட்ட ஈஜி சிவிக்கோ டிசி2 இன்டெக்ராவோ வைத்திருக்கும் தம்பிமார், பாதியாக வெட்டிய பழைய வண்டிகளை விற்கும் ஹாஃப் கட் கடையில் ஒரு கியர் பாக்ஸை வாங்கிவந்து வார இறுதிக்குள் மாட்டிவிடுகிறார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் இங்கே கிள்ளானில் எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் காசைக் கொட்டிக் கற்றுக்கொண்ட அதே தவறுகளை இவர்களும் ஒன்றுவிடாமல் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. எண்ணெய் ஊற்ற மறப்பது, போல்ட்டை முடுக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகவே புரியும்.

கேபிளா, ஹைட்ராலிக்கா

வாங்குவதற்கு முன்பே பாருங்கள். 1988 முதல் 1991 வரை வந்த சிவிக், சிஆர்-எக்ஸ் வண்டிகளின் பி16ஏ கியர் பாக்ஸில் கிளட்ச் கேபிளில் இயங்கும். 1992 ஈஜி சிவிக், 1994 இன்டெக்ரா முதல் ஹைட்ராலிக். ஒன்றை மற்றதன் வண்டியில் போடத் தனி பிராக்கெட் வேண்டும், அதற்கும் ஒரு செலவு வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைனையும், அதாவது நடுத்துளையில் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் பற்களையும், ஒருமுறை எண்ணிவிடுங்கள், எல்லா பி-சீரிஸுக்கும் ஒரே எண்ணிக்கை கிடையாது.

4.785 ஆசை

ஃபைனல் டிரைவ் என்பது பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கடைசிப் பல்லிணையின் விகிதம். இன்டெக்ரா எல்எஸ் வண்டியில் அது 4.266, ஜிஎஸ்-ஆர் 4.400, 1998-இல் வந்த ஜப்பான் டைப் ஆர் 4.785. எல்லாரும் நேரே கடைசி எண்ணுக்குத்தான் போகிறார்கள். எல்எஸ் பாக்ஸில் அதை மட்டும் மாற்றினால் எந்த கியரிலும், அதே வேகத்தில், ஆர்பிஎம் சுமார் 12 சதவீதம் கூடும். டிராக்கில் அருமை. தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவருக்குக் காது வலிதான் மிஞ்சும். இன்னொன்று, இந்த விகிதத்தைத் தரும் ரிங் கியரும் கவுண்டர் ஷாஃப்ட்டும் ஜோடி. ஒன்றை மட்டும் வாங்காதீர்கள்.

ஷிம்

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் பக்கவாட்டில் ஆடாதபடி இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய உலோக வளையம்தான் ஷிம். சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியலைக் கழற்றிவிட்டு, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் எல்எஸ்டி போடுகிறார்கள், புதுப் பேரிங் அடிக்கிறார்கள், சில சமயம் உடைந்த ஹவுசிங்குக்கு (பாக்ஸின் வெளிக்கூடு) பதிலாக வேறொரு பாக்ஸின் ஹவுசிங்கையே மாட்டுகிறார்கள். இத்தனையும் செய்துவிட்டுப் பழைய 80 மில்லிமீட்டர் ஷிம்மையே திரும்ப வைத்து மூடிவிடுகிறார்கள். கேட்டால், "அண்ணே, ஷிம் அப்படியே உட்கார்ந்திருச்சு" என்கிறார்கள். ஷிம் எப்போதும் உட்காரத்தான் செய்யும், அந்த விட்டத்துக்கு வெட்டிய வளையம்தானே அது. பார்க்க வேண்டியது அதன் தடிமன்.

போன வருடம் ஒரு தம்பி வண்டியைக் கொண்டுவந்தார். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஓர் ஊளை, விட்டால் 'டக்' என்று ஓர் அடி. பாக்ஸைத் திறந்தால் எண்ணெய் முழுக்க வெள்ளி மினுமினுப்பு. டிஃபரன்ஷியல் பேரிங்கின் வெளி வளையம் ஹவுசிங்குக்குள் சுழன்று சுழன்று அலுமினியத்தைத் தின்றிருந்தது. கையால் அசைத்தாலே டிஃபரன்ஷியல் பக்கவாட்டில் ஆடியது. எல்எஸ்டி புதுசு, ஹவுசிங் குப்பை.

காரணம் இதுதான். ரிங் கியரின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. மிதிக்கும்போது அவை டிஃபரன்ஷியலை ஒரு பக்கம் தள்ளும், காலை எடுத்தால் மறுபக்கம். இடைவெளி அதிகமானால் ஒவ்வொரு முறையும் அது அங்குமிங்கும் போய் இடிக்கும். இடைவெளியே இல்லாமல் இறுகிப்போனால் பேரிங் சூடேறிக் கருகும். ஹோண்டா தரும் அளவு 0 முதல் 0.10 மில்லிமீட்டர் வரைதான், கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அளவே இல்லை.

அளப்பது கஷ்டமான வேலையும் இல்லை. ஆயில் சீல் இல்லாமல், டிஃபரன்ஷியலை மட்டும் கிளட்ச் ஹவுசிங்கில் வைத்து, ஷிம்மோடு மேல் ஹவுசிங்கை மூடி, போல்ட்டுகளைச் சரியான டார்க்கில் முடுக்குங்கள். பிறகு டிஃபரன்ஷியலைத் தட்டி அடிவரை உட்காரவைத்து, ஆக்ஸில் துளை வழியாக ஷிம்முக்கும் பேரிங் வெளி வளையத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, விடுங்கள். அளவு தாண்டினால் அடுத்த தடிமனில் ஷிம் வாங்கி மறுபடி அளந்து பாருங்கள். ஷிம் 0.1 மில்லிமீட்டர் படிகளில் கிடைக்கிறது. ஒரு வேளை சாப்பாட்டுக் காசில் முடிகிற வேலையை விட்டுவிட்டு ஒரு முழு பாக்ஸுக்குப் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அதைவிடக் கோபம், காசு வாங்கிக்கொண்டு அளக்காமலேயே மூடித்தரும் பட்டறைகள் மேல்.

இடது மரை

ரிங் கியர் போல்ட்டுகள் இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் கழறாது, இன்னும் இறுகும். அதற்கு மேலும் பைப் போட்டு மிதித்துத் தலையை முறித்துவிடாதீர்கள்.

ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவது

ஹவுசிங் பிரியவில்லை என்றால் உள்ளே இன்னும் ஏதோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்கின் ஸ்னாப் ரிங்தான். 32 மில்லிமீட்டர் சீலிங் போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளை வழியாக பிளையரால் ரிங்கை விரித்துப் பிடித்தபடி தூக்கினால் ஹவுசிங் சுலபமாக வந்துவிடும். நெம்பினால் மூடும் பரப்பில் கீறல் விழும். அங்கே கேஸ்கட் பேப்பர் கிடையாது, வெறும் பசைதான். அந்தக் கீறல் வழியாகக் காலம் முழுக்க எண்ணெய் கசியும்.

போல்ட்டால் இழுத்து மாட்டுவது

பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும்போது கடைசி ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகாவிட்டால் போல்ட்டை முடுக்கி இழுக்காதீர்கள், கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை என்று அர்த்தம். இறக்குங்கள், சரிசெய்து மறுபடி ஏற்றுங்கள். பாக்ஸை எஞ்சினோடு நேராக நிறுத்தும் டவல் பின் இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ரிலீஸ் பேரிங்

கிளட்ச்சை மிதிக்கும்போது அதை விடுவிக்கும் பேரிங் இது. புதுசு போடுங்கள்.

எண்ணெய்

கடைக்காரர் 'கெட்டியான கியர் ஆயில்' என்று ஜிஎல்-5 90-ஐ நீட்டுவார். வேண்டாம். அதன் வழுக்கலில், கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போகவைக்கும் சின்க்ரோ வளையம் பிடிக்காமல் போய், குளிர்ந்த எஞ்சினில் இரண்டாவது கியர் கரகரக்கும். ஹோண்டாவின் மேனுவல் கியர் பாக்ஸ் எண்ணெயான எம்டிஎஃப், சுமார் 2.2 லிட்டர் ஊற்றுங்கள். எல்எஸ்டி போட்டிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எண்ணெயை இறக்கி, ஒரு காந்தத்தை அதில் விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டினால் பரவாயில்லை. செதில் செதிலாக இரும்பு ஒட்டினாலோ, காந்தத்தில் ஒட்டாத வெள்ளித்துகள் எண்ணெயில் மிதந்தாலோ, வண்டியை எடுக்காமல் பாக்ஸை மறுபடி இறக்கிவிடுங்கள்.