ஏடிவிக்கு வீட்டிலேயே டேப்பட் செட்டிங்

முதல் தடவை என் ஏடிவிக்கு (மண்ணிலும் சேற்றிலும் ஓட்டும் நாலு சக்கர வண்டி) நானே டேப்பட் வைத்தபோது, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் ஆர்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சரிசெய்தபோது, எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. பெருமை தாங்கவில்லை. இரண்டு வாரத்தில் காலை நேரத்தில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்க ஆரம்பித்தது. கடைசியில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், புகையை வெளியே விடும் எக்சாஸ்ட் வால்வின் ஓரம் கருகிக் கிடந்தது. 'டிக் டிக்' சத்தம் போகட்டும் என்று இடைவெளியை அளவுக்கு மீறிக் குறைத்திருந்தேன், அவ்வளவுதான். வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டில் (மூடும்போது அது உட்காரும் வளையம்) உட்காரும்போதுதான் இறக்கி வைக்கும். சூட்டில் வால்வின் தண்டு நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், ஓரம் எரியும். இடைவெளி கொஞ்சம் கூடினால் சத்தம் வரும். குறைந்தால் சத்தமே வராமல் வால்வு போய்விடும்.

நான் சொல்வது ராக்கர் ஆர்மின் நுனியில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு. ஸ்க்ரூவுக்குப் பதில் ஷிம் (அளவுத் தகடு) வைத்த எஞ்சின் என்றால் வேலையே வேறு. இந்த முறை அதற்குப் பொருந்தாது.

வண்டி ஓடி வந்த சூட்டில் கை வைக்கக் கூடாது. ராத்திரி முழுக்க நிற்கட்டும், காலையில் செய்யலாம். மேனுவலில் இருக்கும் அளவு குளிர்ந்த எஞ்சினுக்கானது. அதற்கு முன் ஹெட்டைச் சுற்றியுள்ள சேற்றைக் கழுவித் துடைத்துவிடுங்கள். ஏடிவியில் சேறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பது டேப்பட் மூடியைத் திறக்கும்போதுதான் தெரியும், அப்போது அது உள்ளே விழும்.

சீட்டையும் பக்கத்து பிளாஸ்டிக்கையும் எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் இல்லையென்றால் எஞ்சின் கையில் லேசாகச் சுற்றும். டேப்பட் மூடிகளைத் திறந்து, கிராங்க் (பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் தண்டு) முனையின் நட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் வழக்கமாக ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். பின்பக்கமாகச் சுற்ற வேண்டாம். அப்படிச் சுற்றினால் சில எஞ்சின்களில் டிகம்ப்ரஸர் (ஸ்டார்ட் செய்வதை எளிதாக்க கம்ப்ரஷனைக் குறைக்கும் அமைப்பு) எக்சாஸ்ட் வால்வை லேசாகத் தூக்கிவிடும், அளவு தப்பாகக் காட்டும்.

கிராங்கோடு சுற்றும் பிளைவீலில் உள்ள 'டி' (T) கோடு, கவரில் உள்ள குறிக்கு நேராக வர வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுழற்சி முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது. அதனால் அந்தக் கோடு இரண்டு தடவை நேராக வரும். நமக்கு வேண்டியது இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சி. இன்டேக், எக்சாஸ்ட் இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் மெல்லிய ஆட்டம் இருந்தால் சரி. விறைப்பாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பிஸ்டன் எங்கே என்று பார்க்க பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரா போதும்.

இப்போது ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய பிளேடுகள். அளவு உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ளதுதான். நண்பர் வண்டியின் அளவு உதவாது. எக்சாஸ்ட் பக்கம் சூடு அதிகம் என்பதால் பல எஞ்சின்களில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி இருக்கும். சாதாரண ஏ4 தாளின் தடிமனே ஏறக்குறைய 0.1 மி.மீ. நாம் விளையாடுவது அந்தக் கணக்கில்தான். ஃபிரேம் குறுக்கே வருவதால் நேரான பிளேடு உள்ளே போகத் திணறும். நுனி வளைந்த கேஜ் வாங்கினால் பாதி எரிச்சல் குறையும்.

உதாரணமாக அளவு 0.15 என்றால், 0.15 பிளேடு லேசான பிடிப்போடு போய்வர வேண்டும். கனமான புத்தகத்தின் நடுவில் செருகிய தாளை உருவுவது போன்ற பிடிப்பு. அடுத்த தடிமனான பிளேடு நுழையவே கூடாது. இந்த இரண்டாவது சோதனையை நான் ஒருநாளும் விடுவதில்லை, ஏனென்றால் 'லேசான பிடிப்பு' என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

சரியில்லை என்றால் லாக் நட்டைத் தளர்த்தி, பிளேடை உள்ளேயே வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பிடிப்பு வந்ததும் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ கொஞ்சம் கூடவே திரும்பும், இடைவெளி குறையும். எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் மூன்று நான்கு தடவை ஆகிறது. நட்டை முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம். மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவு போதும்.

அப்புறம் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி அதே உச்சிக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். மாறியிருந்தால் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

மூடிகளின் ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி மாட்டுங்கள். விரிசல் விட்டிருந்தால் புதிது போடுங்கள். பிளக்கை முதலில் கையாலேயே திருகி ஏற்றி, பிறகு ஸ்பேனர் போடுங்கள். கிராங்க் நட்டில் சாக்கெட் மாட்டியபடியே இல்லையே என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மெல்லிய 'டிக் டிக்' கேட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.