தோற்ற அணிக்கு ஒரு லிங்க்ட்இன் பதிவு: பகடி எழுதும் முறை

லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்பு வலைத்தளத்தில் கணக்குத் தொடங்குவதும் பதிவு போடுவதும் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன். தூத்தூர் தொட்டு குளச்சல் வரை கரையில் ஆளுக்கொரு ஐரோப்பியக் கால்பந்து கிளப்பைத் தூக்கிச் சுமக்கிற கன்னியாகுமரி மாவட்டம் இது. வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற அதே கேலியை ஆபீஸ் மொழியில் எழுதினால் எதிரணிக்காரனுக்கு இன்னும் உறைக்கும்.

1. யார் பேசுவது?

கிளப் பெயரிலோ கோச் பெயரிலோ கணக்குத் திறக்காதீர்கள். போலிக் கணக்கு விதிமீறல், முடக்கிவிடுவார்கள். சொந்தப் பெயரிலேயே எழுதி, ரசிகர் வேலைக்கு ஒரு பதவி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்: ‘மூத்த ரசிகர் அலுவலர், வள்ளவிளை கிளை’. சிரிப்பில் பாதி இந்தப் பதவியிலேயே வந்துவிடும்.

2. கணக்கு எடுத்தல்

தோற்ற அணி எல்லாம் சரிப்படாது. ஒரே நேரத்தில் ஜெயித்தும் தோற்றும் இருக்கிற அணிதான் வேண்டும். லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமின் 2024-25 சீசனை மிஞ்ச ஆளில்லை. பிரீமியர் லீக்கின் 38 ஆட்டங்களில் 22 தோல்வி, 38 புள்ளி, 17-ஆம் இடம். அதற்குக் கீழே உள்ள மூன்று அணிகளும் அடுத்த மட்ட லீக்குக்குக் கீழிறங்கின. அதே அணி, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோபா லீக்கின் இறுதி ஆட்டத்தில், பிரீமியர் லீக்கில் 15-ஆம் இடத்தில் முடித்த மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று, 2008-க்குப் பிறகு முதல் கோப்பையைத் தூக்கியது. கோப்பை வாங்கித் தந்த கோச் போஸ்டெகோக்லுவை ஜூன் 6-ஆம் தேதி வேலையை விட்டு அனுப்பினார்கள்.

தேதியில் கவனம். அந்த இறுதி ஆட்டம் ஸ்பெயினின் பில்பாவோவில் மே 21 இரவு. நமக்கு அது மே 22, நள்ளிரவு 12:30. நாளை மாற்றிப் போட்டால் முதல் கமெண்டே அதைப் பற்றித்தான் வரும், கேலி போய்விடும்.

3. மொழி மாற்றம் (எல்லோரும் சறுக்குகிற இடம்)

புதிதாக எழுதுகிறவர்கள் சிரிக்க வைக்க முயல்வார்கள். சிரிப்பு எமோஜி, ‘செம்ம காமெடி’, மூன்று ஆச்சரியக்குறி. எல்லாவற்றையும் அழியுங்கள். எழுதுகிற ஆள் சீரியஸாக இருக்க வேண்டும். தான் வேடிக்கையாகப் பேசுகிறோம் என்பதே அவருக்குத் தெரியக்கூடாது. எண்ணெல்லாம் நிஜம், பெயர்தான் மாறும்:

தோல்வி → கற்றல் வாய்ப்பு
17-ஆம் இடம் → நிலைத்தன்மை
கோச்சை அனுப்பியது → புதிய பயணத்துக்கு வாழ்த்து
இறுதி ஆட்டம் → ஆண்டு இறுதி மதிப்பீடு

எண்ணைக் கூட்டிச் சொன்னாலும் கேலி செத்துவிடும். 22 தோல்வியை 30 ஆக்கினால் வெறும் பொய். 22-ஐ 22 என்றே எழுதி நன்றி சொன்னால்தான் பகடி.

4. மாதிரி

> 17 ஆண்டுக் காத்திருப்பு.
> 17-ஆம் இடம்.
> தற்செயல் அல்ல. திட்டமிடல்.
>
> இந்த நிதியாண்டில் எங்கள் குழு 38 பணிகளில் 22-ஐக் கற்றல் வாய்ப்பாக மாற்றியது. பில்பாவோவில் நடந்த ஆண்டு இறுதி மதிப்பீட்டில், எங்களைவிட இரண்டு இடம் முன்னேறிய மான்செஸ்டர் சகாக்களுடன் இணைந்து பணியாற்றும் பேறு கிடைத்தது. அவர்களின் ஒத்துழைப்புக்கு நன்றி.
>
> இலக்கை எட்டிய மேலாளருக்கு 16 நாளில் புதிய பயணம் அமைந்தது. வாழ்த்துகள், சார்.
>
> தேங்காய்ப்பட்டணம் மீன் ஏலத்துக்கு இதில் மூன்று பாடங்கள் உண்டு. உடன்படுகிறீர்களா?

கடைசி வரி முக்கியம். பாடம் உண்டு என்று சொல்ல வேண்டும், பாடத்தைச் சொல்லக் கூடாது. முதல் மூன்று வரிக்குக் கீழே ‘மேலும்’ என்று மடங்கிவிடும் என்பதால் வாசிக்கிறவரை இழுக்கும் கொக்கியை அதற்குள்ளேயே மாட்டிவிடுங்கள். வரிக்கு வரி இடைவெளி விடுவதும் லிங்க்ட்இன் ஊர் வழக்கம்தான். விடாவிட்டால் பகடி என்று பிடிபடாது.

5. தட்டச்சும் படமும்

வரம்பு 3000 எழுத்து. ஆனால் தமிழில் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும்: ‘தோல்வி’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, பதிவு எழுதும் பெட்டிக்கு ஆறு. 1200-ஐத் தாண்டாமல் நிறுத்துங்கள், அதற்கு மேல் யாரும் வாசிப்பதில்லை.

தடித்த எழுத்தாக்கித் தரும் இணையக் கருவிகள் ஆங்கிலத்துக்கு மட்டும்தான். தமிழில் அப்படி ஒரு எழுத்து வரிசையே கிடையாது, தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள். அழுத்தம் வேண்டுமென்றால் அந்தச் சொல்லைத் தனி வரியில் விடுங்கள்.

படத்துக்கு 1080 × 1350 அளவு. எழுத்துருவில் என் ஓட்டு முக்தா மலருக்கு. எழுத்து இடைவெளியைக் கூட்டினால் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கமாகப் பிரிந்து நிற்கும்; 0-விலேயே விடுங்கள். கிளப் சின்னத்தைப் போடாதீர்கள், நிறம் போதும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போடுங்கள். ஆட்டம் முடிந்த ராத்திரியே போட்டால் ரசிகன் குரல் வந்துவிடும்; மேலாளர் குரலுக்குத் தூக்கம் தேவை.

பின்சேர்க்கை

‘சென்னையின் எஃப்சிக்கு எழுதலாமா?’ என்று கேட்டிருந்தார்கள். தாராளமாக. 2015 இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டத்தில் கோவாவிடம் 1-2 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் 3-2 ஆக்கிய அணி. முதல் வரிக்கு அதுவே போதும். ஆனால் 2020 இறுதித் தோல்வியை எடுத்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: அன்று வென்ற கொல்கத்தாவின் ஏடிகே அணியில் அந்த சீசனில் இருந்தவர் நம் இரவிபுத்தன்துறை ஆட்டக்காரர் சூசைராஜ். நம் கரையில் கமெண்ட் இரண்டாகப் பிரியும்.

இன்னொரு சிக்கல்: காயம்பட்ட ஆட்டக்காரரை ‘நீண்ட விடுப்பு’ என்று எழுதியதைச் சிலர் அனுப்பியிருந்தார்கள். அது வேண்டாம், மக்கா. நிர்வாகத்தைக் கேலி செய்யுங்கள், முழங்காலை விடுங்கள். அணிக்கு ஏழு பேராக ஆடும் உள்ளூர் செவன்ஸ் பயல்களையும் விட்டுவிடுங்கள், அவர்களுக்குச் சம்பளமா வருகிறது?

நிஜமென்று நம்பி யாராவது ‘வாழ்த்துகள்’ போட்டால் திருத்தாதீர்கள். ‘உங்கள் ஆதரவே எங்கள் மூலதனம்’ என்று அதே குரலில் பதில் எழுதுங்கள்.