ஊருக்குத் திரும்பும் பிள்ளைகள்: நிவாரண ஒருங்கிணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகாமை மூடியாயிற்று, சனம் ஊருக்குப் போய்விட்டது, இனி அவசரம் ஒன்றுமில்லை. இப்படி நினைத்துக் கோப்பைக் கட்டி வைப்பதுதான் இந்த வேலையில் நடக்கிற மிகப் பெரிய தவறு, மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன. சிரியாவிலும் சூடானிலும் இப்போது குடும்பங்கள் திரும்பிக்கொண்டிருக்கின்றன, அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் நமக்குக் கிட்டத்தில் தெரிந்தது இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி, அதனால் வன்னியை வைத்தே பேசுகிறேன்.

போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் 2009இல் உச்சக்கட்டமாக ஏறத்தாழ 225,000 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் பெருமளவு மீள்குடியேற்றம் தொடங்கியது, 2012 செப்டெம்பர் 24ஆம் திகதி கடைசிக் குடும்பங்களும் புறப்பட, முகாம் மூடப்பட்டது. முகாம் நல்ல இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முட்கம்பிக்குள் வாழ்க்கை, 2009 ஓகஸ்ட் மழைக்கே கூடாரங்களுக்குள் வெள்ளம். ஆனாலும் தண்ணீர் பவுசர் வந்தது, நடந்து போகிற தூரத்தில் ஒரு மருந்துக் கொட்டகையும் பள்ளிக்கூடக் கொட்டகையும் இருந்தன. பஸ்ஸில் ஏறி ஊரில் இறங்கினால் கூரையில்லாத சுவர், காடு பற்றிய வளவு, என்ன விழுந்து கிடக்கிறதென்று தெரியாத கிணறு, மருத்துவமாது இல்லாத நிலையம், ஓடு கழன்ற பாடசாலை, வேலிக்கு அப்பால் மிதிவெடிப் பலகை. பிள்ளையின் தேவை கூடுவதே திரும்பிய அன்றுதான். அதே நாளில்தான் "அவசரகால" நிதியும் குறையத் தொடங்குகிறது.

நாட்காட்டியைப் பார்க்காமல் திட்டம் போடுவது

அப்போது திரும்பிய குடும்பத்துக்கு உலக உணவுத் திட்டத்தின் உலர் உணவு ஆறு மாதத்துக்கு, அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயத்தின் கொட்டகைப் பணம் 25,000 ரூபாய், கூடவே தகரம், தறப்பாள். தாளில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

இப்போது ஜனவரியில் இறங்கிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் காலபோக (மாரிகால நெல்) விதைப்பு ஒக்டோபர், நவம்பரில், அறுவடை அடுத்த பெப்ரவரி, மார்ச்சில். இவர்கள் வந்து சேரும்போது விதைப்புக் காலம் போய்விட்டது. கோடையில் குளத்து நீரில் சிறுபோகம் செய்யலாம் என்றால் குளத்துக் கட்டு உடைந்திருக்கும், வயலில் வெடி அகற்றி முடிந்திருக்காது. அப்படியானால் சொந்த நெல் வீட்டுக்கு வருவது 13, 14 மாதம் கழித்துத்தான், அரிசியும் மாவும் பருப்பும் நிற்பதோ ஜூலையில். இடையில் கிடக்கிற அந்த ஏழெட்டு மாதத்தில் என்ன நடக்கும்? தகப்பன் றோட்டு வேலைக்கோ கூலிக்கோ வெளியூர் போவார், பதினாலு வயதுப் பெடியன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவரோடு போவான், மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நிற்பாள், அப்புறம் யாரோ ஒருவர் அவளுக்குக் கலியாணம் பேசுவார். இதைத்தான் பிறகு "இடைவிலகல்", "சிறுவர் தொழில்", "இளவயதுத் திருமணம்" என்று மூன்று தனித்தனித் திட்டமாக்கி மூன்று நிறுவனங்கள் பணம் கேட்டு எழுதும். உணவுப் பொருளை ஆறு மாதம் என்று கணக்குப் போடாமல் "முதல் அறுவடை வரை" என்று கணக்குப் போட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்காவது தவிர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். உணவு கொடுப்பவரும் பிள்ளைகளுக்காக வேலை செய்பவரும் விவசாயத் திணைக்களக்காரரும் ஒரே மேசையில் இருந்து பார்க்க வேண்டிய கணக்கு இது, ஒவ்வொருவரும் தன் தன் கூட்டத்தில் இருந்தால் கண்ணில் படாது.

மழையும் அப்படித்தான். ஒக்டோபர் கடைசியில் சனத்தைக் கொண்டுபோய் இறக்கினால் முதல் இரவே மாரி மழை தறப்பாளுக்கு மேல் விழும், கைக்குழந்தை நனைந்த சாக்கில் படுக்கும். ஒரு மாதம் முந்தியோ, மழை விட்ட பிறகோ என்று சொல்கிற தைரியம் கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு இருக்க வேண்டும்.

குடும்பத்தை எண்ணி, பிள்ளையை எண்ணாமல் விடுவது

பஸ்ஸில் ஏற்றும்போது படிவத்தில் "குடும்பம் 1, அங்கத்தவர் 4" என்று இருக்கும். தலைவர் ஒரு அம்மம்மா. உறவுமுறை என்ற கட்டத்தில் மூன்று பேருக்கும் "பேரன், பேத்தி, பேரன்" என்று எழுதியிருக்கும். கடைசிப் பேரன் அவருடைய மகளின் பிள்ளையே இல்லை, கடைசி நாட்களில் ஓடி வந்தபோது அயல்வீட்டுக்காரர் செத்துப்போக, கையில் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை. அம்மம்மா பொய் சொல்லவில்லை, அவருக்கு இப்போது அவன் பேரன்தான். ஆனால் அந்தப் பெடியனின் தாயின் சகோதரி வேறொரு முகாமிலோ மன்னாரிலோ அவனைத் தேடிக்கொண்டிருந்தால், இந்தப் படிவத்தில் அவன் கிடைக்கவே மாட்டான்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளையின் அம்மா யார், அப்பா யார், கடைசியாக எங்கே கண்டது? அதையும் வரிசையில் நிற்கும்போது எல்லாருக்கும் கேட்கக் கத்திக் கேட்கக்கூடாது, தனியே இருத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். இல்லையென்றால் பயத்தில் "என்ர பேரன்" என்பதோடு முடிந்துவிடும்.

வவுனியாக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும் யுனிசெப்பும் சேர்ந்து குடும்பங்களைத் தேடி இணைக்கும் பிரிவைத் தொடங்கியது 2009 டிசம்பரில். போர் முடிந்தது மே மாதம், பஸ்கள் ஓடத் தொடங்கியது ஒக்டோபரில். 2011 நடுப்பகுதி வரை அங்கே 2,564 தேடல் விண்ணப்பங்கள் பதிவாயின, அவற்றில் 676 பிள்ளைகளைப் பற்றியவை. அந்தப் பிரிவு நல்ல வேலை செய்தது, ஆனால் இப்படியொரு பதிவு பஸ் ஓடுவதற்கு முதல், எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். சிதறிய பிறகு தேடுவது பல மடங்கு கஷ்டம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, தாய் தகப்பன் இல்லை என்றதும் சிறுவர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவது. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து பணமும் கட்டடத்துக்குத்தான் சுலபமாக வரும். ஆனால் பெரியம்மாவோ சித்தப்பாவோ இருக்கிற பிள்ளைக்கு அந்த வீட்டில் வளர உதவுவதுதான் முதல் தெரிவு, இல்லம் கடைசித் தெரிவு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பாதிக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை இலங்கை அரசு நிறுத்தி வைத்தது இதனால்தான். கல்முனை வைத்தியசாலையில் "81ஆம் இலக்கக் குழந்தை" என்று உலகமெல்லாம் பேசப்பட்ட கைக்குழந்தை, மரபணுப் பரிசோதனைக்குப் பிறகு 2005 பெப்ரவரியில் சொந்தப் பெற்றோரிடமே போய்ச் சேர்ந்தது.

ஆயுதக் குழுவில் இருந்து திரும்பிய பிள்ளைகளுக்கு வேறு விதமான கவனம் வேண்டும். அவர்களுக்கு மட்டும் தனியாகச் சைக்கிள், தனியாகத் தையல் மெஷின் என்று ஊர் பார்க்கக் கொடுத்தால் நெற்றியில் எழுதி ஒட்டியது போல ஆகிவிடும். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 2007ஆம் ஆண்டின் பாரிஸ் கோட்பாடுகள் சொல்வது போல, அந்தத் தெருவில் இருக்கிற கஷ்டப்பட்ட பிள்ளைகள் எல்லாரோடும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆவணம் பிறகு பார்க்கலாம் என்பது

பிறப்புச் சான்றிதழ் மட்டுமில்லை. கிளினிக் கொப்பி தொலைந்தால் எந்தத் தடுப்பூசி போட்டது, எது போடவில்லை என்று ஊரில் வரும் புது மருத்துவமாதுக்குத் தெரியாது. பாடசாலை விடுகைப் பத்திரம் இல்லையென்றால் எந்த வகுப்பில் சேர்ப்பது என்று அதிபர் யோசிப்பார். முகாமிலேயே நடமாடும் சேவை வைத்துப் பிரதி எடுத்துக் கொடுத்து, இன்னொரு பிரதியைப் போகிற ஊரின் பிரதேச செயலகத்துக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். பிள்ளை போகிறது, கோப்பு போகவில்லை என்பதுதான் வழக்கமாக நடப்பது.

தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து திரும்பும் பிள்ளைகளுக்கு இது இன்னும் சிக்கல். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து, குடியுரிமைப் பதிவும் முடித்துக்கொண்டு புறப்பட்டால் நல்லது. அதை விட்டுவிட்டு வந்தால் சின்ன வகுப்புகளில் எப்படியோ சமாளிக்கலாம், அடையாள அட்டை எடுக்கும் வயதில், சாதாரண தரப் பரீட்சை நேரத்தில்தான் பிரச்சினை வெடிக்கும். பாடத்திட்டமும் வேறு, சிங்களம் புதுப் பாடம், அந்தப் பிள்ளைகளுக்கு முதல் வருடம் மேலதிக வகுப்பு கட்டாயம் வேண்டும்.

புத்தகப்பை ஐந்து, மலசலகூடம் ஒன்றுமில்லை

ஒரு பாடசாலைக்கு ஐந்து அமைப்புகள் புத்தகப்பை கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகும். அதே பாடசாலையில் பெண்பிள்ளைகளுக்குக் கதவுள்ள மலசலகூடம் இருக்காது. பை கொடுப்பது ஒருநாள் வேலை, குழி வெட்டுவது மூன்று மாத வேலை, அதுதான் காரணம். யார், எங்கே, என்ன, எப்போது செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்து மாதம் ஒருமுறை எல்லாரும் உண்மையாக நிரப்பினாலே இதில் பெரும்பகுதி சரியாகிவிடும். பட்டியலில் வெறுமையாகக் கிடக்கும் கட்டத்தைத்தான் கூட்டத்தில் முதலில் பேச வேண்டும். பெரும்பாலும் நிரம்பிய கட்டங்களைப் பற்றியே ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு எழும்புகிறார்கள்.

கூட்டம் கொழும்பில் ஆங்கிலத்தில் நடந்தால் விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) அதில் இடமில்லை. ஆனால் எந்த வீட்டில் என்ன இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் ஆறு நிறுவனம் ஆறு படிவம் கொண்டுவந்து ஒரே தகவலைக் கேட்கும், அவர் இரவு விளக்கில் இருந்து நிரப்பிக் கொடுப்பார், பதில் ஒன்றும் வராது. ஒரு படிவம் போதும், அதைத் தமிழில் அடியுங்கள்.

அனுமதி விஷயமும் உண்டு. 2009இல் வடக்குக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியின் அனுமதி இல்லாமல் எந்த அமைப்பும் உள்ளே வேலை செய்ய முடியவில்லை, உளவளத் துணைத் திட்டங்களுக்கு அது கிடைப்பதும் கடினமாக இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் "அனுமதி இல்லை" என்று கைகட்டி நிற்காமல், ஆசிரியர்களுக்கான பயிற்சி, முன்பள்ளி, மாலை நேர விளையாட்டு என்ற வழியிலாவது பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்கலாம். ஒழுங்கான நேரம், தெரிந்த முகம், விளையாட இடம், இந்த மூன்றுமே பெரிய மருந்து.

பால்மாவும் பழைய இரும்பும்

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: தயவுசெய்து பால்மாவும் பால்போத்தலும் சேர்த்து அனுப்பாதீர்கள். சுத்தமான தண்ணீரும் விறகும் இல்லாத இடத்தில் போத்தல்பால் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கும், அது உயிரையே எடுக்கலாம். தாய்ப்பால் கொடுக்கிற அம்மாவுக்குச் சாப்பாடு, குடிக்கத் தண்ணீர், மறைவாக இருந்து பால் கொடுக்க ஒரு மூலை, இவற்றுக்குப் பணம் கொடுங்கள். தாய் இல்லாத குழந்தைக்கு மருத்துவமாது பார்த்து, அளந்து, பழக்கிக் கொடுப்பது தனி வேலை, அதைப் பொது விநியோகமாகச் செய்யக்கூடாது. தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அரசு கொடுக்கும் திரிபோஷா சத்துமா முறையாக வருகிறதா என்று கேட்டுத் தொந்தரவு செய்வது நல்ல தொந்தரவு.

கிணறு விஷயத்தில், ஒருமுறை இறைத்துக் குளோரின் போட்டதும் "சுத்தமாக்கிய கிணறு" என்று எண்ணிவிடுகிறார்கள். மழைக்குப் பிறகு திரும்பப் பரிசோதிக்க வேண்டும். நிவாரண வேலைக்கான சர்வதேச ஸ்பியர் தரநிலை ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்கிறது, பாடசாலைக் கிணற்றையும் மறக்காதீர்கள்.

மிதிவெடி விழிப்புணர்வை முகாமில் ஒருநாள் நாடகம் போட்டு முடித்துவிடுவதும் தவறு. முகாமில் படத்தில் பார்த்த பொருள் வேறு, ஊரில் மண்ணுக்குள் பாதி தெரிகிற துருப்பிடித்த பொருள் வேறு. பிள்ளைகள் பழைய இரும்பு பொறுக்கி விற்கப் போவது விளையாட்டுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், வீட்டில் காசில்லாதபோதுதான் அதிகமாகப் போகிறார்கள். அதனால் இரும்பு வாங்கும் கடைக்காரரோடும் பேச வேண்டும், உணவுப் பொருள் நின்ற மாதத்தில் அந்த ஊரில் விழிப்புணர்வைத் திரும்பச் செய்ய வேண்டும். மாடு மேய்க்கும் பிள்ளைகள் பாடசாலையில் இருக்க மாட்டார்கள், அவர்களைத் தேடிப் போங்கள்.

திரும்பாதவர்களைத் திரும்பியதாக எழுதுவது

மெனிக் பாமிலிருந்து கடைசியாக வெளியேற்றப்பட்டவர்களில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவுக் குடும்பங்களும் இருந்தன. அவர்களுடைய காணியில் இராணுவம் இருந்ததால் வேறொரு காட்டு நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். முகாமில் எண்ணிக்கை பூச்சியமாகிவிட்டது, ஆனால் 2017இல் அந்த மக்கள் காணி கேட்டு மாதக்கணக்கில் வீதியில் உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகளும் கூடவே. இப்படிப்பட்ட குடும்பங்களை இடம்பெயர்ந்தோர் பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும். பட்டியலிலிருந்து பெயர் போனால் உதவியும் போகும், கேட்கிற உரிமையும் மங்கும்.

ஆகவே ஊரில் இறக்கிவிடும் அன்றைக்கே அடுத்து வந்து பார்க்கும் நாட்களையும் எழுதிவிடுங்கள்: முதல் மழைக்கு முன், உலர் உணவு நிற்பதற்கு ஒரு மாதம் முன், ஜனவரியில் புதிய வகுப்பு தொடங்கும் வாரத்தில், முதல் அறுவடைக்குப் பிறகு. ஒவ்வொரு நாளுக்கும் யார் பொறுப்பு என்று பதவியோடு எழுதி, ஒரு பிரதி விதானையாரிடம், ஒரு பிரதி அதிபரிடம், ஒரு பிரதி பிரதேச செயலகத்துச் சிறுவர் உத்தியோகத்தரிடம் கொடுங்கள். குடும்பத்துக்குக் கொடுக்கும் தாளில் தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும், அதை எடுப்பவர் தமிழில் பேசக்கூடியவராக இருக்க வேண்டும்.