எம்.பி.க்குக் கடிதம் எழுதும்போது

பிரிட்டனில் ஒரு பின்வரிசை எம்.பி.யின் (அமைச்சர் போன்ற பொறுப்பு எதுவும் இல்லாதவர்) அலுவலகத்தில் கடிதங்களைப் பிரிப்பது என் வேலை. விலங்கு நலம் பற்றி எழுதுகிறீர்களா? முதலில் முகவரியும் அஞ்சல் குறியீடும் போடுங்கள். தொகுதிக்காரர் என்று தெரிந்தால்தான் கடிதம் நகரும். அச்சடித்த பொதுக் கடிதம் வேண்டாம், உங்கள் தெருவில் பார்த்ததை எழுதுங்கள். அப்புறம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: அமைச்சருக்கு எழுத்துமூலக் கேள்வி, அல்லது நாடாளுமன்ற வளாகத்தில் முதன்மை அவைக்கு வெளியே நடக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் விவாதம்.

அரசு அல்லாமல் ஒரு எம்.பி. தானே கொண்டுவரும் தனிநபர் மசோதாதானே என்று தள்ளிவிடாதீர்கள். பின்வரிசையில் இருந்த கிறிஸ் லோடரின் மசோதாதான் 2021இல் சட்டமாகி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலங்குவதைக்கான அதிகபட்சச் சிறைத்தண்டனையை 6 மாதத்திலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியது. இத்தகைய மசோதாக்கள் வெள்ளிக்கிழமைகளில் வரும். அன்றைக்குத்தான் பலரும் தொகுதிக்குக் கிளம்பிவிடுவார்கள்! அதனால் மசோதா வரும் தேதியைக் குறிப்பிட்டு, அன்று அவையில் இருக்கச் சொல்லிக் கேளுங்கள்.